பாட்டு சரியில்லை என்பதும் பிறப்பு சரியில்லை என்பதும்

2015 டிசம்பர் 3ஆம் தேதி இரவு, அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சி 'த விஸ்' என்ற இசை நாடகத்தை நேரடியாக ஒளிபரப்பியது. முக்கிய வேடங்கள் எல்லாவற்றிலும் கறுப்பினக் கலைஞர்கள். நாடகம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ட்விட்டரில் ஒரு கூட்டம் புலம்ப ஆரம்பித்துவிட்டது. எல்லா வேடத்துக்கும் கறுப்பர்தானா, இது இனவெறி இல்லையா, இதையே வெள்ளையர்களை மட்டும் வைத்து எடுத்தால் சும்மா இருப்பீர்களா என்று கேட்டார்கள். பதில் சொல்ல ஆட்கள் காத்திருந்தார்கள். அய்யா, அப்படி ஒன்றை 1939லேயே எடுத்துவிட்டார்கள், 'த விசார்ட் ஆஃப் ஆஸ்' என்று அதற்குப் பெயர், நீங்களும் உங்கள் அப்பாவும் உங்கள் பிள்ளையும் வருசா வருசம் வீட்டில் உட்கார்ந்து பார்த்தது அதைத்தான்.

இதைப் பலரும் ஒரு நகைச்சுவைத் துணுக்காகச் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறார்கள். என்னால் அப்படிப் போக முடியவில்லை. வருடக்கணக்கில் தான் பார்த்த படத்தில் பாடியவர்கள், ஆடியவர்கள் அத்தனை பேரும் வெள்ளையர் என்பது ஒரு மனிதனின் கண்ணில் படவே இல்லை. அவனுக்கு அது வெறும் படம். கறுப்பர் நடித்தால்தான் அது 'கறுப்பு' நாடகம். ஊர் என்றால் ஊர், நம்ம தெருவுக்கு மட்டும் ஒரு அடைமொழி என்று வளர்ந்த நமக்கு அந்தக் கண் எப்படிப்பட்டது என்று யாரும் வந்து விளக்க வேண்டியதில்லை.

இந்த நேரடி இசை நாடகம் என்ன வகைச் சரக்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நியூயார்க்கின் பிராட்வே அரங்குகளில் பெயர் எடுத்த பழைய இசை நாடகம் ஒன்றைத் தொலைக்காட்சிக்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள். பெரிய கூடத்தில் அரங்கப் பொருள்களை நிறுத்தி, ஒரே மூச்சில் மூன்று மணி நேரம், நடுவே விளம்பர இடைவேளைகளோடு அப்படியே ஒளிபரப்புவார்கள். தவறினால் தவறியதுதான், திரும்ப எடுக்க வழியில்லை. என்.பி.சி.யின் முதல் சில நாடகங்கள் லாங் ஐலண்டில் பெத்பேஜ் என்ற ஊரில் நடந்தன. நிலவில் இறங்கிய கலத்தைச் செய்த கிரம்மன் தொழிற்சாலை இருந்த இடம் அது. இவ்வளவு செலவு செய்கிறவன் விளம்பரதாரருக்கு ஒரு உத்தரவாதம் காட்டியாக வேண்டும். அந்த உத்தரவாதம்தான் பிரபலம். இசைத்தட்டு விற்கிற பாடகி, தொடரில் வருகிற நடிகன், சினிமா முகம் என்று யாரையாவது நடுவில் நிறுத்துவார்கள். இருபது வருடமாக மேடையிலேயே கிடந்து தொண்டையைத் தேய்த்தவர்கள் சுற்றி நிற்பார்கள். பார்க்கிறவர்களின் கோபம், கேலி, பூரிப்பு எல்லாம் இந்த நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையில்தான் பிறக்கின்றன.

2013 டிசம்பர் 5 அன்று 'த சவுண்ட் ஆஃப் மியூசிக்' நாடகத்தை இப்படி ஒளிபரப்பினார்கள். நாயகி மரியாவாக கேரி அண்டர்வுட். 'கன்ட்ரி' வகைப் பாட்டில் பெரிய நட்சத்திரம், 2005இல் 'அமெரிக்கன் ஐடல்' போட்டியில் வென்றவர். (கன்ட்ரி என்றால் வெள்ளைக் கிராமத்துப் பாட்டு என்று நினைக்கிறார்கள். அதில் ஒலிக்கும் பாஞ்சோ ஆப்பிரிக்க அடிமைகளின் கையிலிருந்து வந்தது என்பது தனிக்கதை.) 1 கோடியே 86 லட்சம் பேர் பார்த்தார்கள். பார்த்துக்கொண்டே திட்டினார்கள். குரல் இருக்கிறது, நடிப்பு வரவில்லை, வசனம் பேசும்போது முகம் மரம் மாதிரி நிற்கிறது, 1965 படத்தின் ஜூலி ஆண்ட்ரூஸ் எங்கே இவர் எங்கே என்றார்கள். அதே மேடையில் மடத்துத் தலைமைக் கன்னியாஸ்திரீயாக வந்தவர் ஆட்ரா மெக்டொனால்ட் என்ற கறுப்பினப் பெண். அதற்குள் அய்ந்து டோனி விருதுகள் வாங்கியிருந்தவர், அடுத்த ஆண்டு ஆறாவதும் வாங்கினார். தன் பாட்டை அவர் பாடி முடித்தபோது, திட்டிக்கொண்டிருந்தவர்களில் பலர் வாயடைத்துப் போனார்கள். இவர் ஓரத்தில், அவர் நடுவிலா என்று வெளிப்படையாகவே கேட்டார்கள்.

அண்டர்வுட்டுக்கு விழுந்த அடி கொஞ்சநஞ்சமல்ல. சில வசவுகள் மனிதத்தன்மை இல்லாதவை. ஆனால் கவனியுங்கள். அத்தனையும் அவருடைய வேலை மீதுதான் விழுந்தன. நடிக்கத் தெரியவில்லை, ஆகவே நடிக்க வந்திருக்கக் கூடாது என்றார்கள். வெள்ளைக்காரியாக இருந்துகொண்டு ஏன் வந்தாய் என்று எவரும் கேட்கவில்லை. அப்படி ஒரு கேள்வி இருக்க முடியும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை. இரண்டு வருடம் கழித்து அதே தொலைக்காட்சியில், அதே தயாரிப்பாளர்களின் நாடகத்துக்கு வந்த கேள்வியோ வேறு. யார் பாட்டு சரியில்லை என்பது அல்ல, நீங்கள் ஏன் இங்கே நிற்கிறீர்கள் என்பது.

நான் படித்த பள்ளியில் ஆண்டு விழாவுக்கு நாடகம் போடுவார்கள். நன்றாக மனப்பாடம் செய்கிறவனுக்குத்தான் ராஜா வேடம் என்று வாத்தியார் சொல்லிவிட்டார். எங்கள் தெருப் பையன் ஒருவன் ஒரே ராத்திரியில் முழு வசனத்தையும் உருப்போட்டு வந்து மறுநாள் தடங்கல் இல்லாமல் ஒப்பித்தான். "நல்லாத்தான் சொல்றே. ஆனா ராஜான்னா ஒரு களை வேணும்டா" என்றார் வாத்தியார். அவனுக்கு வேல் பிடித்து நிற்கிற சேவகன் வேடம். வசனம் தப்பு என்றிருந்தால் அவன் திருத்திக்கொண்டு வந்திருப்பான். களைக்கு அவன் எங்கே போவான்?

தொலைக்காட்சியில் களை யாருக்கு என்ற கதை பழையது. 1955 மார்ச் 7 அன்று மேரி மார்ட்டின் நடித்த 'பீட்டர் பான்' நேரடியாக ஒளிபரப்பானது. ஆறரைக் கோடிப் பேர் பார்த்ததாகக் கணக்கு. அதில் செவ்விந்தியப் பெண் டைகர் லில்லியாக வந்தவர் ஒரு வெள்ளை நடிகை. அந்தக் கூட்டம் பாடுகிற பாட்டு அர்த்தமில்லாத உளறல் சத்தங்களால் ஆனது. ஒரு மக்களின் மொழியைக் கேலிச் சத்தமாக்கிக் குழந்தைகளுக்கு ஊட்டினார்கள். (2014இல் என்.பி.சி. அதே நாடகத்தை மறுபடி போட்டபோது செரோக்கி வழிவந்த ஒரு பெண்ணை அந்த வேடத்தில் நிறுத்தி, சிக்கசா இனத்து இசையமைப்பாளர் ஒருவரின் ஆலோசனையோடு பாட்டையும் மாற்றினார்கள். மாற்ற 59 வருடம் ஆனது. அந்த இரவில் பார்வையாளர்கள் அதைவிட அதிகமாகப் பேசியது, கேப்டன் ஹூக்காக வந்த கிறிஸ்டோபர் வாக்கன் தூங்கி வழிகிறாரா இல்லையா என்பதைப் பற்றித்தான்.)

1957 மார்ச் 31 அன்று சி.பி.எஸ். தொலைக்காட்சிக்கென்றே எழுதப்பட்ட 'சிண்ட்ரெல்லா'வில் ஜூலி ஆண்ட்ரூஸ் நடித்தார். பார்த்தவர்கள் 10 கோடியே 70 லட்சம் பேர் என்கிறார்கள், அன்றைய அமெரிக்க மக்கள்தொகையில் பாதிக்கும் மேல். விளம்பரதாரர்கள் வரிசையில் நின்றார்கள். அதே 1957இல் என்.பி.சி.யில் நேட் கிங் கோல் என்ற கறுப்பினப் பாடகர் சொந்த நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். அவர் பிரபலம் இல்லையா? அவர் இசைத்தட்டு இல்லாத வெள்ளையர் வீடு குறைவு. ஆனால் நாடு முழுவதற்குமான விளம்பரதாரர் ஒருவர்கூட முன்வரவில்லை. தெற்கு மாநிலத்து வெள்ளையர் கோபித்துக்கொண்டு தங்கள் சரக்கை வாங்காமல் விட்டுவிடுவார்கள் என்ற பயம். அந்த டிசம்பரிலேயே நிகழ்ச்சி முடிந்துபோனது. வெள்ளையனுக்குப் பிரபலம் என்பது கதவைத் திறக்கிற சாவி. கோலுக்கு அந்தச் சாவி பூட்டுக்குள் நுழைந்தது, திரும்பவில்லை.

இப்போது 'ஆஸ்' கதைக்கு வருகிறேன். 1939 படத்தை எடுத்தது எம்.ஜி.எம். நிறுவனம். 1956 நவம்பர் 3 அன்று அது முதன்முதலாகத் தொலைக்காட்சியில் வந்தது. 1959 முதல் ஆண்டுதோறும் வந்தது. பொங்கலுக்குப் பொங்கல் ஒரே படம் போட்டால் எப்படி இருக்கும், அப்படி. அந்த எம்.ஜி.எம். 1942இல் லீனா ஹார்ன் என்ற கறுப்பினப் பாடகியை ஒப்பந்தம் செய்தது. அழகும் குரலும் சேர்ந்த கலைஞர். படங்களில் அவருக்குப் பெரும்பாலும் பாட்டு மட்டும்தான். கதையில் யாரோடும் சேராமல், ஒரு தூணில் சாய்ந்து தனியாக நின்று பாடிவிட்டுப் போவார். ஏன் தெரியுமா? தெற்கு மாநிலத்துத் திரையரங்குகளில் அவர் வருகிற துண்டை மட்டும் வெட்டி எடுத்துவிடலாம், கதை கெடாது. வெட்டுவதற்கு வசதியாகவே ஒரு மனுசியைப் படமெடுத்திருக்கிறார்கள். இதை முதலில் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. தனிக் குவளை தெரியும், தனிச் சுடுகாடு தெரியும். தனி ரீல் என்று ஒன்று இருந்திருக்கிறது.

இந்தப் பின்னணியோடுதான் 'த விஸ்' நாடகத்தைப் பார்க்க வேண்டும். கென் ஹார்ப்பர் என்ற கறுப்பினத் தயாரிப்பாளரின் முயற்சி அது. இசை சார்லி ஸ்மால்ஸ். 1974இல் பால்டிமோர் நகரில் வெள்ளோட்டம் பார்த்தார்கள், 1975 ஜனவரி 5 அன்று பிராட்வேக்கு வந்தார்கள். டோரத்தியாக நடித்த ஸ்டெபனி மில்சுக்கு அப்போது 17 வயது. வந்த இரவே மூடுவிழா அறிவிப்பை ஒட்டிவிட்டார்கள். முன்பதிவு இல்லை, முக்கியப் பத்திரிகைகளின் விமர்சனங்களும் கைகொடுக்கவில்லை. பணம் போட்டிருந்த ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனம் இன்னும் கொஞ்சம் கொடுத்தது. அதில் ஒரு தொலைக்காட்சி விளம்பரம் செய்தார்கள். கறுப்பர் தேவாலயங்கள் வழியாக, சங்கங்கள் வழியாக, வாய்வழியாகச் செய்தி போனது. அதுவரை பிராட்வே வாசலை மிதிக்காத குடும்பங்கள் குழந்தை குட்டியோடு வந்து இறங்கின. நாடகம் நின்றது. ஏழு டோனி விருதுகள், 1,672 காட்சிகள். அதில் ஒரு பிரபலமும் இல்லை. பார்வையாளர்கள்தான் அந்த நாடகத்தின் நட்சத்திரம்.

இயக்கத்துக்கும் உடை வடிவமைப்புக்கும் டோனி வாங்கியவர் ஒரே ஆள், டிரினிடாடில் பிறந்த ஜெஃப்ரி ஹோல்டர். 2015 ஒளிபரப்புக்கு உடை செய்தவர் பால் டேஸ்வெல் என்ற கறுப்பினக் கலைஞர். அதற்கு அவருக்கு எம்மி விருது கிடைத்தது. அதே ஆஸ் உலகத்தின் இன்னொரு கதையான 'விக்கெட்' படத்துக்காக 2025இல் ஆஸ்கர் வாங்கினார். உடை வடிவமைப்புக்கு ஆஸ்கர் பெற்ற முதல் கறுப்பின ஆண் அவர்தான். ஊசியும் நூலும் பிடித்த கை பற்றி விமர்சகர்கள் அதிகம் எழுதுவதில்லை என்பதால் இதை இங்கே சொல்லி வைக்கிறேன்.

மேடையில் பிரபலம் இல்லாமல் வென்ற நாடகத்தைச் சினிமாவாக்கும்போது பிரபலம் வந்தே தீரும். 1978 படத்தில் டோரத்தி டயானா ராஸ். படம் எடுத்தபோது அவருக்கு வயது 33. கதையில் சிறுமியாக இருந்த டோரத்தியை அவருக்காக 24 வயதுப் பள்ளி ஆசிரியையாக மாற்றினார்கள். முதலில் இயக்குவதாக இருந்த ஜான் பேடம் இந்தத் தேர்வைக் கேட்டு விலகிக்கொண்டார், சிட்னி லூமெட் வந்தார். மேடையில் அந்த வேடத்தை உருவாக்கிய ஸ்டெபனி மில்ஸ் வெளியே நின்றார். கறுப்பினப் பார்வையாளர்களிடம் இது ஆறாத மனக்குறையாகத் தங்கிவிட்டது. 'எங்க புள்ளைக்கு வர வேண்டியது' என்கிற மாதிரியான குறை.

டயானா ராஸைத் தூற்ற எனக்கு மனம் வரவில்லை. டெட்ராய்ட் நகரத்து அரசுக் குடியிருப்பில் வளர்ந்த பெண் அவர். கறுப்பினப் பெண் ஒரு படத்தைத் தன் பெயரால் மட்டும் தூக்கி நிறுத்த முடியும் என்று காட்டிய மிகச் சிலரில் ஒருவர். தெரிந்த முகம் இல்லாமல் கறுப்பர் படத்துக்கு இவ்வளவு பணம் இறக்க மாட்டோம் என்று நினைத்த பெட்டிதான் இங்கே குற்றவாளி. ஒடுக்கப்பட்டவர்களுக்கு ஒரே ஒரு நாற்காலி போட்டு, அதில் உங்களுக்குள் யார் உட்காருவது என்று சண்டை போட்டுக்கொள்ளுங்கள் என்று விட்டால், இருவரில் ஒருத்தி நின்றுதானே ஆக வேண்டும். படம் போட்ட பணத்தை எடுக்கவில்லை. அதைச் சாக்காக வைத்து ஹாலிவுட் நிறுவனங்கள் கறுப்பர் படங்களுக்குப் பெரிய பணம் தருவதிலிருந்து பின்வாங்கின. வெள்ளையர் படம் ஒன்று கவிழ்ந்தால் அந்தப் படம் கவிழ்ந்தது என்பார்கள். கறுப்பர் படம் கவிழ்ந்தால் கறுப்பரே கவிழ்ந்ததாகக் கணக்கு எழுதுவார்கள். ஆனாலும் கறுப்பர் வீடுகளில் அந்தப் படம் சாகவில்லை. ஒளிநாடாவில் தேயத் தேயப் பார்த்தார்கள். சோளக்கொல்லைப் பொம்மையாக மைக்கேல் ஜாக்சன், நல்ல தேவதை கிளிண்டாவாக லீனா ஹார்ன். ஆமாம், அதே லீனா ஹார்ன்தான். இந்த முறை அவரை வெட்டி எடுத்தால் கதையே முடியாது.

1983இல் ஒரு பத்தொன்பது வயதுப் பெண் முதல்முறையாக நாடறியத் தொலைக்காட்சியில் பாட வந்தாள். பாடியது 'த விஸ்' நாடகத்தின் கடைசிப் பாட்டான 'ஹோம்'. அவள் விட்னி ஹூஸ்டன். 1997இல் அதே விட்னி, பிராண்டி என்ற கறுப்பினப் பெண்ணைச் சிண்ட்ரெல்லாவாக்கி ஒரு தொலைக்காட்சிப் படத்தைத் தயாரித்து, தானே தேவதையாகவும் நடித்தார். நேரடி ஒளிபரப்பு அல்ல. ஆனால் 1957இல் ஜூலி ஆண்ட்ரூஸ் நடித்த அதே கதை, அதே பாட்டுகள். ஆறு கோடிப் பேர் பார்த்தார்கள். அதில் கூட்டுத் தயாரிப்பாளர்களாக இருந்த கிரெய்க் ஜடனும் நீல் மெரனும்தான் பிறகு என்.பி.சி.யின் நேரடி நாடகங்களைத் தொடங்கியவர்கள்.

ஆக 2015 இரவுக்கு இத்தனை பேர் வழி போட்டிருந்தார்கள். அன்று பிரபலங்களுக்குக் குறைவில்லை. மந்திரவாதி விஸ் ஆக குவீன் லத்தீபா, அதுவரை ஆண்களே நடித்த வேடம். பொல்லாத சூனியக்காரியாக மேரி ஜே. பிளைஜ். தகர மனிதனாக நீ-யோ. மரகத நகரத்தின் வாயிற்காவலனாக ராப் பாடகர் காமன். இயக்குநர் கென்னி லியோன், அவரும் கறுப்பர். ஆனால் நடுவில் நின்ற டோரத்திக்கு ஒரு பிரபலத்தைத் தேடவில்லை. யார் வேண்டுமானாலும் வரலாம் என்று தேர்வு வைத்து, நியூ ஜெர்சியிலிருந்து வந்த ஷனீஸ் வில்லியம்ஸ் என்ற பதின்வயதுப் பெண்ணை எடுத்தார்கள். அதற்கு முன் தொழில்முறையில் அவர் எதிலும் நடித்ததில்லை. டோரத்தியை வளர்க்கிற எம் அத்தையாக யார் வந்தார் தெரியுமா? ஸ்டெபனி மில்ஸ். 1978இல் வெளியே நிறுத்தப்பட்டவர் 2015இல் வந்து, புதிய டோரத்தியை மடியில் சாய்த்துக்கொண்டு நாடகத்தின் முதல் பாட்டைப் பாடினார். வெள்ளையர் பலருக்கு அது யாரோ ஒரு அத்தை. கறுப்பினப் பார்வையாளர்களுக்கு அது நாற்பது வருடக் கணக்கு. அந்த இரவு எழுதித் தீர்த்தவர்களில் எத்தனையோ பேர் அந்தக் காட்சியிலேயே அழுதுவிட்டதாக எழுதினார்கள்.

1 கோடியே 15 லட்சம் பேர் பார்த்தார்கள். முந்தைய ஆண்டு 'பீட்டர் பான்' நாடகத்துக்குக் கிடைத்தது 92 லட்சம். விமர்சகர்கள் பலர் இந்த வரிசையில் இதுவே சிறந்தது என்றார்கள், வெள்ளையர்களும்தான். இனவெறி என்று கூவியவர்கள் சிறு கூட்டம் என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் ஊர்ப் பொதுக்கிணற்றில் நஞ்சைக் கலப்பதற்கு ஊரே கூடி வர வேண்டியதில்லை.

என்னை அதிகம் ஈர்த்தது கறுப்பினப் பார்வையாளர்களின் பேச்சு. கொண்டாடியதோடு அவர்கள் நிற்கவில்லை. நையாண்டி செய்தார்கள், பழைய படத்தோடு ஒப்பிட்டார்கள், இந்த இடத்தில் மைக்கேல் ஜாக்சனை நெருங்க முடியுமா என்றார்கள். கல்யாண வீட்டில் சொந்தக்காரர்கள் பந்தியில் உட்கார்ந்து சமையலைக் குறை சொல்கிற மாதிரி. சொந்தப் பந்தியில்தான் அப்படிக் குறை சொல்ல முடியும். அடுத்தவன் பந்தியில் கிடைத்த இடமே பெரிது என்று வாயை மூடிச் சாப்பிட வேண்டும். 'வந்தார்களே, அது போதும்' என்று பிரதிநிதித்துவத்துக்கு விழா எடுத்துவிட்டுப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சில மாணவர்களோடு உட்கார்ந்து இந்த நாடகத்தின் பதிவைப் பார்த்தேன். கருஞ்சிறுத்தைகளின் பெயரை எடுத்துத்தான் 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் எழுந்தார்கள், அம்பேத்கர் 1946லேயே டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி கறுப்பர்கள் ஐ.நா.வுக்கு அளித்த மனுவின் நகலைக் கேட்டார் என்பதையெல்லாம் படித்த பிள்ளைகள். முடிந்ததும் ஒரு மாணவி கேட்டாள். "எல்லாம் சரிண்ணே. கதை வெள்ளைக்காரன் எழுதினதுதானே? அவன் கதைக்குள்ள போய் நாம எதுக்கு வேசம் கட்டணும்? நமக்குன்னு கதை இல்லையா?"

அவள் கேட்டது அவளுக்குத் தெரிந்ததைவிடக் கனமான கேள்வி. ஆஸ் கதையை 1900இல் எழுதிய எல். ஃபிராங்க் பாம், அதற்குப் பத்து வருடம் முன்பு தெற்கு டகோட்டாவில் ஒரு வாரப் பத்திரிகை நடத்தினார். செவ்விந்தியத் தலைவர் சிட்டிங் புல் 1890 டிசம்பரில் கொல்லப்பட்டபோதும், அதே மாதக் கடைசியில் வூண்டட் நீ படுகொலை நடந்த பிறகும், எஞ்சியிருக்கிற செவ்விந்தியர்களை அடியோடு அழித்துவிடுவதே நல்லது என்று தலையங்கம் எழுதினார். 2006இல் அவருடைய வாரிசுகள் லக்கோட்டா மக்களிடம் மன்னிப்புக் கேட்டார்கள். குழந்தைகளுக்கு வானவில் காட்டிய கை இதையும் எழுதியது.

நான் அந்த மாணவிக்குச் சொன்னது இதுதான். 'த விஸ்' கலைஞர்கள் வெள்ளையன் கதையில் காலியாகக் கிடந்த வேடத்துக்கு ஆள் நிரப்பப் போகவில்லை. கதையையே பிரித்து வேறு மாதிரி கட்டினார்கள். சூனியக்காரி செத்ததும் அவளுக்கு அடிமை வேலை செய்தவர்கள் கும்மாளம் போடுகிற ஒரு பாட்டு இருக்கிறது. எழுதியவர் லூதர் வேண்ட்ராஸ், அப்போது பெயர் தெரியாத இளைஞர். கறுப்பர்கள் அதைப் பாடும்போது அது தேவதைக் கதையின் மகிழ்ச்சியா? விலங்கு கழன்ற சத்தம் அது. வீடு தேடிப் போகிற டோரத்தியும் அப்படித்தான். ஆப்பிரிக்காவிலிருந்து பிடுங்கி வரப்பட்டு, பிறகு தெற்கிலிருந்து வடக்குக்குப் பிழைக்க ஓடிய மக்கள் 'வீடு' என்று பாடினால், கான்சாஸ் பண்ணை வீட்டோடு அந்தச் சொல் நிற்காது. அவள் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. "இருந்தாலும் நம்ம கதைன்னு ஒன்னு வரணும்ணே" என்றாள். வரட்டும், அது அவள் தலைமுறையின் வேலை.

இன்னொரு இரவையும் சொல்ல வேண்டும். 2018 ஏப்ரல் 1, ஈஸ்டர் ஞாயிறு. 'ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார்' நேரடி ஒளிபரப்பு. ஏசுவாக ஜான் லெஜண்ட், யூதாசாக பிராண்டன் விக்டர் டிக்சன், இருவரும் கறுப்பர். இந்த நாடகம் 1971இல் பிராட்வேக்கு வந்தபோது யூதாஸ் பென் வெரீன், 1973 படத்தில் கார்ல் ஆண்டர்சன், இருவருமே கறுப்பர். ஏசு வெள்ளை, காட்டிக்கொடுக்கிறவன் கறுப்பா என்று அப்போதே கேட்டவர்கள் உண்டு. 2018இல் அந்த எதிர்வை ஒரே அடியில் கலைத்துவிட்டார்கள். ஏறத்தாழ 94 லட்சம் பேர் பார்த்தார்கள். கறுப்பு ஏசுவா என்று முகம் சுளித்தவர்கள் வழக்கம்போல இருந்தார்கள். ஆனால் பெரிய விவாதம் வேறாக இருந்தது. லெஜண்ட் குரலில் குறையில்லை, நடிப்பில் மென்மையாக, அடங்கிப்போய் இருக்கிறார், மேடையில் பழுத்த டிக்சன்தான் நாடகத்தைத் தூக்கிக்கொண்டு போகிறார் என்று பார்வையாளர்களும் விமர்சகர்களும் எழுதினார்கள். (2016 நவம்பரில் 'ஹாமில்டன்' நாடகம் முடிந்ததும், பார்க்க வந்திருந்த அன்றைய துணை அதிபராகத் தேர்வான மைக் பென்சைப் பார்த்து மேடையிலிருந்தே எங்களைப் பற்றிக் கவலைப்படுகிறோம் என்று அறிக்கை வாசித்தவர் இந்த டிக்சன்தான்.)

எனக்கு அந்த விவாதம் பிடித்திருந்தது. 2013இல் வெள்ளைப் பாடகி அண்டர்வுட் வாங்கிய அதே வகைக் குறையைத்தான் 2018இல் கறுப்புப் பாடகர் லெஜண்ட் வாங்கினார். பிரபலமாக இருக்கிறார், மேடைக்காரரிடம் தோற்றுவிட்டார் என்ற குறை. வேலையைப் பற்றிய குறை. நன்றாகச் செய்யாதபோது நன்றாகச் செய்யவில்லை என்று மட்டும் சொல்லப்படுவது எவ்வளவு பெரிய உரிமை என்பது, அது கிடைக்காதவனுக்குத்தான் தெரியும். அம்பேத்கரின் படிப்பையே இன்னும் சந்தேகித்துப் பேசுகிற நாட்டில் இருந்துகொண்டு இதைச் சொல்கிறேன்.

2019 ஜனவரியில் ஃபாக்ஸ் தொலைக்காட்சி 'ரென்ட்' நாடகத்தைப் போட்டபோது நாயகன் முந்தின இரவு ஒத்திகையில் காலை உடைத்துக்கொண்டார். மாற்று நடிகர் தயாராக இல்லை. ஒத்திகையின் பதிவைத்தான் பெரும்பகுதி ஒளிபரப்பினார்கள், நேரடி என்று நம்பி உட்கார்ந்தவர்கள் கொதித்தார்கள். பிராட்வேயில் ஒவ்வொரு பெரிய வேடத்துக்கும் வசனம் முழுவதும் தெரிந்த மாற்று ஆள் திரைக்குப் பின்னால் காத்திருப்பார். பிரபலத்தை நம்பி நடக்கிற வியாபாரத்தில் அவருக்கு வேலை இல்லை. எங்கள் தெருப் பையனுக்கும் முழு வசனம் தெரிந்திருந்தது.

'த விஸ்' மறுபடியும் 2024 ஏப்ரல் 17 அன்று பிராட்வேக்கு வந்தது. அதற்கு முன் ஊர் ஊராகப் போனார்கள். 2023இல் புறப்பட்ட இடம், 1974இல் வெள்ளோட்டம் பார்த்த அதே பால்டிமோர். விஸ் வேடத்துக்கு வழக்கம்போல் தொலைக்காட்சியில் தெரிந்த முகமான வெய்ன் பிரேடி. டோரத்திக்கு மீண்டும் ஒரு புதுப்பெண், நிஷெல் லூயிஸ். அவர் பாடிப் போட்டிருந்த சிறு காணொளியைப் பார்த்துத்தான் கூப்பிட்டார்கள். பிராட்வேயில் அதுதான் அவருக்கு முதல் நாடகம்.